நடுக்குவாதமும் வயல் மருந்துகளும்

அறுபது வயதைக் கடந்த குடியானவர் ஒருவருக்கு வலது கைவிரல்கள் சும்மா இருக்கும்போது நடுங்கத் தொடங்குகின்றன. விதையை அள்ளித் தூவும்போது நடுக்கம் அடங்கிவிடுகிறது. திண்ணையில் வந்து உட்கார்ந்தால் மறுபடியும் தோன்றுகிறது. சில மாதங்களுக்குப்பின் நடை குறுகிப் பாதம் தரையைத் தேய்க்கிறது. முகத்தில் சிரிப்பும் கோபமும் முன்போல் தெரிவதில்லை. வரப்பின்மேல் நடந்து திரும்புவது கடினமாகிறது. கையெழுத்து வரவரச் சிறுத்து, கிரயப் பத்திரத்தில் இட்ட கையொப்பமும் பழைய கையொப்பமும் ஒருவருடையவைதாமா என்று பதிவு அலுவலகத்தில் ஐயுறும் நிலையும் உண்டாகிறது. வீட்டார் இதனை மூப்பின் தளர்ச்சி என்றெண்ணி வாளாவிருந்துவிடுகின்றனர். இது மூப்பு மட்டுமன்று. மூளையின் ஒரு சிறு பாகத்திலுள்ள நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்துபோவதால் உண்டாகும் வியாதியாகும்.

நாட்டு வைத்தியர்கள் இதனை நடுக்குவாதமென்றும் கம்பவாதமென்றும் வழங்குவர். மேல்நாட்டில் 1817ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் என்பவர் ஆறு பேருடைய வரலாற்றைக்கொண்டு இந்நோயைத் தெளிவாக விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்த அறுவரில் சிலரை அவர் வீதியில் எதிர்ப்பட்டு விசாரித்தும், ஒருவரைத் தொலைவிலிருந்து கண்டுமே அறிந்தாராம். ஆயினும் அவர் எழுதிவைத்த குறிகள் இன்றளவும் பெரும்பாலும் திருத்தப்படாமல் நிற்கின்றன. அவர் பெயராலேயே இது பார்க்கின்சன் நோய் எனப்படுகிறது. 2019ஆம் ஆண்டில் உலகில் 85 லட்சம் பேருக்கு மேல் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டுள்ளது.

வைத்தியப் பத்திரிகைக்குரிய இவ்விஷயத்துக்கு விவசாயப் பத்திரிகையில் இடமளிப்பானேன் என்று சிலர் வினவலாம். வயலில் தெளிக்கும் மருந்துகளில் சிலவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்டு என்று பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பிரான்ஸ் தேசத்தில் 2012ஆம் ஆண்டில், பூச்சிமருந்து, களைக்கொல்லி முதலியவற்றைக் கையாண்ட விவசாயிகளுக்கு நேரும் பார்க்கின்சன் நோயைத் தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் சர்க்காரே சேர்த்துவிட்டனர். ஜர்மனியிலும் 2024இல் நிபுணர் சபையொன்று அவ்வாறே சிபாரிசு செய்தது. ஆகவே மருந்து தெளிப்பவரும், கூலிக்கு ஆள்வைத்துத் தெளிப்பிப்பவரும் இதன் காரணத்தை ஓரளவேனும் அறிந்திருத்தல் அவசியம். காரணம் விளங்காத எச்சரிக்கையை எவரும் நெடுநாள் கைக்கொள்வதில்லை.

மூளையிலுள்ள கரும்பகுதி

மூளையின் அடிப்புறத்தில் நடுப்பாகத்தையொட்டி, இருபுறமும் கருநிறமான ஒரு பட்டை இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்களில் ஒருவகைக் கருமைப் பொருள் வயது ஏற ஏறச் சேர்வதால் வெறுங்கண்ணுக்கே அது கறுப்பாகத் தெரியும். நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையில் இப்பட்டை வெளுத்துப் போயிருப்பதை 1919ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டிரெட்டியாகாப் என்ற இளம் வைத்தியர் எடுத்துக்காட்டினார். கருமை குறைந்ததற்குக் காரணம், கருமையைத் தாங்கிய அணுக்களே அழிந்துபோனதுதான்.

இவ்வணுக்களின் வேலை டோப்பமின் என்ற பொருளை உண்டாக்கி, உடலின் அசைவுகளை ஒழுங்கு செய்யும் மற்றொரு பகுதிக்கு அனுப்புவது. ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்சன் இப்பொருளின் முக்கியத்துவத்தை 1950க்குப் பிந்திய பத்தாண்டில் கண்டறிந்தார். இதற்காக 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். 1960இல் வியன்னாவில் ஹார்னிகீவிச் என்பவர் நோயாளிகளின் மூளையில் டோப்பமின் மிகவும் குறைந்திருப்பதை நிரூபித்தார். ஏரியில் தண்ணீர் குறைந்தாலும் மதகுக்கு அருகிலுள்ள வயல்கள் சிலகாலம் நனைந்துகொண்டுதான் இருக்கும்; அதுபோல் அணுக்களில் ஏறக்குறைய பாதி அழியும்வரை வெளியில் ஒரு குறியும் தோன்றுவதில்லை. கை நடுங்கத் தொடங்கிய நாளன்று நோய்க்கு வயது பல ஆண்டுகள் ஆகியிருக்கும். இளமையில் தெளித்த மருந்துக்கும் முதுமையில் வந்த நோய்க்கும் சம்பந்தம் உண்டென்று குடியானவர் எவருக்கும் எளிதில் தோன்றாமலிருப்பதற்கு இதுவே காரணம்.

பிராணவாயு செய்யும் தீங்கு

உயிருக்கு ஆதாரமான பிராணவாயுவே உடலைச் சேதப்படுத்தவும் வல்லது. கொழுவில் துருவேறுவதும், திறந்துவைத்த நல்லெண்ணெய் சிக்கு வாடை பெறுவதும் பிராணவாயுவின் செய்கையே. உடலில் நடைபெறுவதும் ஏறத்தாழ இதைப் போன்றதே. ஆனால் மிக நுட்பமானது.

உடல் எண்ணிறந்த உயிரணுக்களாலானது. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகள் நூற்றுக்கணக்காக உள்ளன. உண்ட உணவைப் பிராணவாயுவோடு கூட்டி அணுவின் வேலைக்கு வேண்டிய சக்தியை உண்டாக்குவது இவற்றின் தொழில். இவற்றை அணுவின் அடுப்புகள் எனலாம். உணவிலிருந்து எடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறுவதுபோல் பல படிகளில் இறங்கி, இறுதியில் பிராணவாயுவைச் சேர்ந்து தண்ணீராக முடிகின்றன. இடையே சில எலெக்ட்ரான்கள் வழிதவறி, வரிசை முடியுமுன்பே பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதுண்டு. அப்படிப் பிறக்கும் சூப்பர் ஆக்ஸைடு என்ற பொருள் அடுத்துள்ளவற்றைத் தாக்கும் குணமுடையது. அதனின்று ஹைட்ரஜன் பெராக்ஸைடு தோன்றும். அதனோடு இரும்பு சேருமானால் இன்னும் கொடிய ஒரு பொருள் உண்டாகி, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் எதிர்ப்பட்டதைச் சேதப்படுத்தும். இரும்பின் இச்செய்கையை 1894ஆம் ஆண்டிலேயே பெண்டன் என்ற ஆங்கில ரஸாயன சாஸ்திரி விவரித்திருக்கிறார்.

உடல் இதற்குப் பாதுகாப்பில்லாமல் இல்லை. சூப்பர் ஆக்ஸைடை உடனுக்குடன் அடக்கும் ஒரு நொதியை 1969இல் அமெரிக்காவில் மக்கார்ட், பிரிடோவிச் என்னும் இருவர் கண்டுபிடித்தனர். இளமையில் தாக்குதலும் காப்பும் ஏறக்குறைய சமமாக நிற்கும். வயது முதிர்ந்தாலும், வெளியிலிருந்து விஷம் புகுந்தாலும் தாக்குதலின் பக்கம் ஓங்கும்.

மூளை உடலின் எடையில் நூற்றுக்கு 2 பங்கே இருந்தும், ஓய்வாக இருக்கும்போது உடல் பெறும் பிராணவாயுவில் நூற்றுக்கு 20 பங்கு வரை செலவிடுகிறது. மேற்சொன்ன கரும்பகுதியின் நிலையோ இன்னும் மோசம். அங்கு இரும்பு மிகுதி. அவ்வணுக்கள் உண்டாக்கும் டோப்பமினும் பிராணவாயுவோடு கூடித் தீய பொருள்களைத் தரவல்லது. ஓரணுவின் கிளைகள் எண்ணற்ற இடங்களுக்குப் பரவியிருப்பதால் அதன் அடுப்புகள் ஓயாமல் எரிந்துகொண்டே இருக்கவேண்டும். தோலிலோ குடலிலோ ஓரணு கெட்டால் மற்றோரணு பிரிந்து அவ்விடத்தை நிரப்பும். நரம்பணுவுக்கு அவ்விதப் பாத்தியதை இல்லை. பிறவியில் வந்த அணுவே சாகும்வரை உழைக்கவேண்டும்.

மூலக்கணக்கும் நகலும்

உயிரணு செய்யவேண்டிய வேலைகள் அனைத்தும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும், நெல்லிலிருந்து நாற்றுக்கும் குணங்கள் வருவது இவ்விழையின் வழியாகத்தான். 1953இல் வாட்சன், கிரிக் இருவரும் வெளியிட்ட இதன் அமைப்பு முறுக்கிய நூலேணி போன்றது. அதன் எழுத்துக்கள் நான்கே. மனிதனுடைய அணுவின் கருவிலுள்ள இழையில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் இருக்கின்றன. கிராம அதிகாரிகளுக்கு இது எளிதில் விளங்கும்: கருவிலுள்ள இழை தாலூகா கச்சேரியில் பூட்டிவைத்த மூலக்கணக்கு. வேண்டியபோது வேண்டிய பக்கத்திற்கு மட்டும் நகலெடுத்து வேலை நடக்கிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்கோ தனியாக ஒரு சிறு கணக்கு உண்டு. அதில் 16,569 எழுத்துக்களும் 37 மரபுக்கூறுகளும் உள்ளன என்று 1981இல் கேம்பிரிட்ஜில் முழுவதும் படித்தறிந்தனர். இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. கருவிலுள்ள இழைக்குப் புரதத்தாலான உறைகள் உண்டு. இதற்கு அத்தகைய உறையில்லை. இருக்குமிடமும் அடுப்பின் அருகேதான். மூலக்கணக்கைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அன்றாடக் கணக்கை அடுப்படியில் தொங்கவிட்டது போன்ற ஏற்பாடு. புகையும் பொறியும் முதலில் விழுவது எதன்மேல் என்று சொல்லவேண்டுவதில்லை.

நான்கு எழுத்துக்களுள் குவானைன் என்பது பிராணவாயுவின் தாக்குதலுக்கு மிக எளிதில் இடங்கொடுப்பது. தாக்கப்பட்ட குவானைனில் ஒரு பிராணவாயு அணு வந்து ஒட்டிக்கொள்கிறது. 1984இல் ஜப்பான் தேசத்துக் கசாய், நிஷிமுரா என்ற இருவர் இம்மாறுதலைக் கண்டு வெளியிட்டனர். இவ்வாறு கறைபட்ட எழுத்து, நகலெடுக்கும்போது வேறோர் எழுத்தாகப் படிக்கப்படும். ஒருமுறை பிழையாகப் படித்து எழுதிவிட்டால், அடுத்த நகலில் பிழையே மூலமாகிவிடுகிறது. அடங்கலில் ஓரிலக்கம் மாறிப் பிறகு வருஷக்கணக்காகத் தவறான சர்வே நம்பரே வழங்கிவருவதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று.

இப்பிழைகளைத் தேடித் திருத்தும் நொதிகளும் அணுவுக்குள் உண்டு. கெட்ட எழுத்தை மட்டும் வெட்டியெடுத்து, எதிர்ப்புறத்து எழுத்தைப் பார்த்துச் சரியானதை இடுவது இவற்றின் வேலை. இம்முறையைக் கண்டறிந்த தாமஸ் லிண்டால், வேறு இருவருடன் 2015ஆம் ஆண்டின் ரஸாயன நோபல் பரிசைப் பெற்றார். திருத்துவோர் ஓயாமல் வேலைசெய்தும், கறை விழும் வேகம் மிஞ்சுமானால் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

நடுக்குவாதத்தில் இப்பாக்கி சேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. 1999இல் அமெரிக்காவில் நோயாளிகளின் மூளைகளைச் சோதித்தபோது, கரும்பகுதியின் நரம்பணுக்களில், அதிலும் கருவுக்கு வெளியேயுள்ள இடத்தில், கறைபட்ட குவானைன் மிகுந்திருந்தது. 2006இல் இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்து ஆராய்ச்சியாளர் தனித்தனி நரம்பணுக்களை எடுத்து அவற்றின் மைட்டோகாண்ட்ரியக் கணக்கைப் பார்த்தனர். எழுத்து மாறியது மட்டுமன்று, பக்கம் பக்கமாகவே கிழிந்துபோன பிரதிகள் ஏராளமாக இருந்தன. நோயாளிகளிடம் அத்தகைய பிரதிகள் சராசரி நூற்றுக்கு 52. ஏறக்குறைய அதே வயதுள்ள நோயற்றவரிடமோ நூற்றுக்கு 43. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் சிறிதே என்பதைக் கவனிக்கவேண்டும். முதுமையே இக்கணக்கைப் பாதி கிழித்துவிடுகிறது. நோய் அதன்மேல் கொஞ்சம் கூட்டுகிறது. கெட்ட பிரதிகள் அளவு கடந்தபின் அடுப்பு சரியாக எரியாது. சரியாக எரியாத அடுப்பு மேலும் புகையைக் கக்கும். அப்புகை எஞ்சிய பிரதிகளையும் கெடுக்கும். இச்சுழலில் எது முதல், எது விளைவு என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒருமனப்படவில்லை.

கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரியாவைப் பொறுக்கியெடுத்து ஒழிக்கும் வேலையைச் செய்யும் இரண்டு மரபுக்கூறுகள் பழுதானால், சிறுவயதிலேயே இந்நோய் வருவது அறியப்பட்டிருக்கிறது. ஆயினும் குடும்பவழி வருவது சிறுபான்மையே. பெரும்பாலோருக்கு வயது, பிறவிக்கூறு, சூழ்நிலை ஆகிய மூன்றும் கலந்தே காரணமாகின்றன. முதலிரண்டையும் மாற்ற ஒருவராலும் ஆகாது.

கலிபோர்னியாவில் நிகழ்ந்தது

வெளியிலிருந்து புகும் ஒரு பொருள் இந்நோயை உண்டாக்கும் என்பது எதிர்பாராத வகையில் தெரியவந்தது. 1982ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வடபாகத்தில் இளவயதினர் சிலர் சிலைபோல் அசைவற்ற நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டனர். பேச்சில்லை; அசைவில்லை; பார்த்தால் பல்லாண்டு நடுக்குவாதத்தில் கிடந்த முதியவர் போன்றிருந்தனர். லாங்ஸ்டன் என்ற டாக்டர் துப்பறிந்ததில், அவர்கள் அனைவரும் திருட்டுத்தனமாகச் செய்து விற்கப்பட்ட ஒரு லாகிரி மருந்தை ஊசியால் ஏற்றிக்கொண்டவர்கள் என்று தெரிந்தது. செய்முறையில் நேர்ந்த பிழையால் அதில் எம்.பி.டி.பி. என்ற வேறொரு பொருள் கலந்திருந்தது. அது மூளைக்குள் மாறுதலடைந்து, டோப்பமின் அணுக்களுக்குள் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவின் எலெக்ட்ரான் வரிசையில் முதற்படியை அடைத்துவிடுகிறது.

விவசாயிகள் இவ்விடத்தைச் சற்று நின்று கவனிக்கவேண்டும். மூளைக்குள் அவ்விதம் மாறியபின் உண்டாகும் பொருளை, களைக்கொல்லியாகப் பயன்படுத்தலாமா என்று ஒரு காலத்தில் சைபர்க்வாட் என்ற பெயரால் சோதித்ததுண்டு. அதன் அமைப்பு பாராக்வாட் என்னும் களைக்கொல்லியின் அமைப்பைப் பெரிதும் ஒத்தது. இந்த ஒப்புமையைக் கண்டதும் பலருடைய பார்வை வயலின்பக்கம் திரும்பிற்று.

பாராக்வாட்

பாராக்வாட் 1882ஆம் ஆண்டிலேயே ரஸாயனக்கூடத்தில் செய்யப்பட்ட பொருள். ஆனால் களைகளைக் கொல்லும் அதன் குணம் 1955இல் இங்கிலாந்தில் ஜீலாட்ஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 1962இல் விற்பனைக்கு வந்தது. காலையில் தெளித்தால் நல்ல வெயிலில் மாலைக்குள் புல் வாடிக் கருகிவிடும். மண்ணில் பட்டதும் களிமண்ணோடு இறுகப்பற்றிக்கொள்வதால் அடுத்த பயிரைத் தாக்குவதில்லை. குடியானவர்கள் இதனை விரும்பியதில் வியப்பில்லை.

அது புல்லைக் கொல்லும் விதம் கவனிக்கத்தக்கது. இலைப்பச்சையம் வெயிலைக்கொண்டு எலெக்ட்ரான்களை ஓடச்செய்யும் இடத்தில் பாராக்வாட் குறுக்கே நின்று ஓர் எலெக்ட்ரானைப் பற்றுகிறது. பற்றியதைப் பிராணவாயுவிடம் தள்ளிச் சூப்பர் ஆக்ஸைடை உண்டாக்குகிறது. பிறகு தான் பழைய நிலையை அடைந்து அடுத்த எலெக்ட்ரானுக்குக் கைநீட்டுகிறது. தான் செலவாகாமல் இவ்வேலையை ஆயிரம்முறை செய்யும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு விரைவில் இலை கருகுவது இதனால்தான். மனித உடலில் இலைப்பச்சையம் இல்லையாயினும் எலெக்ட்ரானும் பிராணவாயுவும் உண்டு. பாராக்வாட்டைக் குடித்தவர்களின் நுரையீரல் எரிந்து இறுகுவது இதே செய்கையால். அவர்களுக்குப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தால் கேடு அதிகரிக்கும் என்பதால் வைத்தியர்கள் அதனை இயன்றவரை ஒத்திப்போடுகின்றனர். மூச்சு முட்டுபவனுக்கு மூச்சுக்காற்றே விஷமாகும் இக்கொடுமை வேறெந்த விஷத்திலும் காண்பதரிது.

ரோட்டினோன் என்ற மற்றொரு பொருளையும் இங்கே குறிப்பிடவேண்டும். டெர்ரிஸ் என்னும் கொடியின் வேரிலிருந்து எடுக்கப்படும் இது, இரண்டாவது உலகயுத்தத்துக்கு முன் தோட்டப்பயிர்ப் பூச்சிகளுக்கு மிகவும் பாராட்டப்பட்ட மருந்து. தென்கிழக்காசியாவில் மீன்பிடிக்க இவ்வேரை நசுக்கித் தண்ணீரில் கலப்பதுண்டு. செடியிலிருந்து வந்ததாகையால் மனிதனுக்குத் தீங்கில்லை என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இதுவும் எம்.பி.டி.பி.யைப் போலவே மைட்டோகாண்ட்ரியாவின் முதற்படியை அடைப்பது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரீனமயர் என்பவரும் அவருடைய துணைவர்களும் இதனை எலிகளுக்குச் சிறுகச் சிறுகப் பல நாள் செலுத்தினர். பல எலிகளில் கரும்பகுதி அழிந்து நடுக்குவாதக் குறிகள் தோன்றின. ரோட்டினோன் ஊட்டிய எலிகளின் நரம்பணுக்களில் மைட்டோகாண்ட்ரிய இழைக்குச் சேதம் நேர்ந்திருப்பதும் பிற்பாடு காட்டப்பட்டது. தாவரத்திலிருந்து எடுத்ததெல்லாம் சாது என்பது தவறான எண்ணம், எட்டிக்கொட்டையும் தாவரந்தான்.

விவசாயிகளிடையே நடந்த விசாரணைகள்

எலியில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா என்பதற்கு விவசாயிகளையே விசாரிக்கவேண்டும். அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா ஆகிய இரு மாகாணங்களில் 1993ஆம் ஆண்டு தொடங்கி, மருந்து தெளிக்க உரிமம் பெற்றவர்களும் அவர்களுடைய மனைவியருமாக ஏறக்குறைய 89,000 பேரைப் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்துவருகின்றனர். அவர்களிலிருந்து நடுக்குவாதம் கண்ட 110 பேரையும், காணாத 358 பேரையும் ஒப்பிட்டு டாக்டர் டேனரும் பிறரும் 2011இல் வெளியிட்ட முடிவாவது: பாராக்வாட்டைக் கையாண்டவர்களிடையே இந்நோய் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, ரோட்டினோனைக் கையாண்டவர்களிடையேயும் அவ்வாறே. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் செய்து 2009இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, பாராக்வாட்டும் மேனெப் என்ற பூஞ்சாணக்கொல்லியும் தெளித்த வயல்களுக்கு 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களைப்பற்றியது. அவர்கள் தெளித்தவர்கள் அல்லர், அருகில் வசித்தவர்களே. அவர்களுக்கும் நோய் வருவது நூற்றுக்கு 75 பங்கு அதிகமாக இருந்தது.

இதற்கு மாறான சாட்சியத்தையும் மறைத்தல் கூடாது. பாராக்வாட்டால் எலிகளுக்குக் கரும்பகுதி அழிவதாகச் சில ஆராய்ச்சிக்கூடங்களில் கண்டது வேறு சிலவற்றில் காணப்படவில்லை. மேற்சொன்ன ஐயோவா, வட கரோலினா விவசாயிகளை இன்னும் பல ஆண்டு கவனித்து 2020இல் வெளியிட்ட கணக்கில், பாராக்வாட்டின் தொடர்பு எல்லாரிடமும் தெளிவாகத் தெரியவில்லை. முன்பு தலையில் அடிபட்டவர்களிடையே மட்டும் மிகுதியாகத் தோன்றிற்று. இரண்டரை மடங்கு என்பதற்கும் பொருளறிந்து கொள்ளவேண்டும். தெளிக்கும் ஒவ்வொருவருக்கும் நோய் வரும் என்பதன்று, பெரும்பாலோருக்கு வராது. வரக்கூடியவர்களின் தொகை கூடுகிறது என்பதே அதன் பொருள். வழக்கில் ஐயம் எஞ்சியிருந்தால் குற்றவாளியை விடுவிப்பது நியாயம். விஷத்தின் விஷயத்தில் அந்நியாயத்தைப் பின்பற்றுவது உசிதமாகாது.

2015இல் வெளிவந்த ஒரு சிறு ஆராய்ச்சி குடியானவர்களுக்கு எல்லாவற்றினும் பயனுடையது. அதே விவசாயிகளுள், வேலைநேரத்தில் பாதிக்கு மேல் கையுறை அணிந்தவர்களிடம் பாராக்வாட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. கையுறையை அசட்டை செய்தவர்களிடமோ நோய் ஏறக்குறைய நான்கு மடங்காக இருந்தது. ஆராயப்பட்டவர்கள் சில நூறு பேரே. ஆயினும் விஷம் எவ்வழியாக உடலுக்குள் செல்கிறது என்பதற்கு இது நல்ல சாட்சி.

பாராக்வாட்டை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இல் நீதிமன்றத் தீர்ப்பினால் விலக்கினர். இலங்கையில் 2008 முதல் படிப்படியாகக் குறைத்து 2011க்குள் நிறுத்தினர். கேரளத்திலும் 2011இல் தடைசெய்தனர். தாய்லாந்திலும் பிரேசிலிலும் 2020இல் தடை வந்தது. இலங்கையில் தடைக்கு முதன்மையான காரணம் நடுக்குவாதமன்று. அதனைக் குடித்து மாண்டவர்களின் தொகையே.

தெளிப்பவர் கவனிக்க வேண்டியவை

களைக்கொல்லியே வேண்டாமென்று முடிவுசெய்ய முடிந்தால் அதுவே மேல். நடவுக்கு முன் இரண்டு முறை சேற்றுழவு செய்து முளைத்த களையை மடக்குதல், வரிசை நடவில் உருளைக் களைக்கருவியை ஓட்டுதல், தோப்புகளில் மூடாக்கு இடுதல் ஆகியவற்றால் தெளிப்பின் தடவைகளைக் குறைக்கலாம். ஆள் கூலி ஏறியிருக்கும் காலத்தில் இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு அரிது என்பது உண்மையே. தெளித்துத்தான் ஆகவேண்டும் என்றால் பின்வருவனவற்றை அலட்சியம் செய்யலாகாது.

அபாயம் மிகுதியும் வயலிலன்று, மருந்தைக் கலக்கும் இடத்தில்தான். தண்ணீர் கலவாத மருந்து ஒரு துளி தோலில் படுவது, கலந்த மருந்து பலமுறை படுவதற்குச் சமம். டப்பாவைத் திறக்குமுன்பே ரப்பர் அல்லது நைட்ரைல் கையுறை அணியவேண்டும். துணியாலும் தோலாலுமான கையுறைகள் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கையிலேயே ஊறவைக்கும். அவற்றை அணிவதைவிட அணியாமலிருப்பதே ஒருவேளை நலம். குச்சியால் கலக்கவேண்டும், கையை விட்டுக் கலக்கும் வழக்கம் ஒழியவேண்டும். கையில் வெட்டுக்காயமோ சேற்றுப்புண்ணோ உள்ளவர் அன்று வேறு வேலை பார்க்கட்டும்.

முதுகில் சுமக்கும் தெளிப்பான் ஒழுகினால் மருந்து சட்டையை நனைத்து, வேலை முடியும்வரை முதுகிலேயே தங்கும். வாடகைக்கு எடுக்கும் தெளிப்பானில் முதலில் வெறுந்தண்ணீர் ஊற்றி ஒழுக்கைப் பார்த்தபிறகே மருந்தை ஊற்றவேண்டும். நாசில் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதுவது பல ஊர்களில் காணும் பழக்கம். ஈர்க்கோ மெல்லிய கம்பியோ போதும். காற்றுக்கு எதிராகத் தெளிக்கக்கூடாது. தெளித்த வயலுக்குள் உடனே புகுந்து நடக்கவும் கூடாது. வேலை முடிந்ததும் வீட்டுக்குள் நுழையுமுன் சோப்புப் போட்டுக் குளித்து, அன்று உடுத்த துணியைக் குழந்தைகளின் துணியோடு சேர்க்காமல் தனியே துவைக்கவேண்டும். துவைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களாகையால், அவர்களுக்கும் கையுறை ஒரு ஜோடி வாங்கித் தருவது நியாயம்.

மீதமான பாராக்வாட்டைச் சோடா புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றிவைப்பது கொலைக்குச் சமானம். ஒரு வாய் அளவே உயிரைக் குடிக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. தவறி விழுங்கியவரை, அவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், ஒரு நிமிஷமும் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு டப்பாவின் சீட்டுடன் கொண்டுசெல்லவேண்டும். முதல் நாளில் தேறியவர்போல் தோன்றிப் பின்னர் இறப்பது இவ்விஷத்தின் குணம்.

நிலச்சுவான்தார்கள் பலர் தாங்கள் தெளிப்பதில்லை. வருஷத்தில் நூறு நாள் ஊரூராகச் சென்று தெளிப்பவர் கூலிக்காரர். ஒரு நிலத்துக்காரர் காணும் மருந்தைப்போல் பல மடங்கு அவர் உடலில் படுகிறது. கையுறை வாங்கும் செலவு கூலிக்காரருடையது என்று நினைப்பது வழக்கமாக இருக்கிறது. மருந்தின் விலையோடு பார்த்தால் அச்செலவு ஒரு பொருட்டன்று.

மருந்தும் மாற்றும்

பிராணவாயுவின் கேட்டைத் தடுக்கும் மாத்திரையென்றும் டானிக்கென்றும் பல விளம்பரங்கள் வருகின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 800 நோயாளிகளுக்கு நடத்தி 1993இல் முடிவு வெளியிட்ட சோதனையில், வைட்டமின் ஈ நாளொன்றுக்கு 2,000 அலகு கொடுத்தும் நோயின் போக்கு மாறவில்லை. 600 பேருக்கு மற்றொரு பொருளைக் கொடுத்து 2014இல் வெளியான முடிவும் அவ்வாறே. அணுவுக்குள் நடக்கும் சேதத்தை வாய்வழி உண்ணும் மாத்திரையால் நிறுத்த இதுவரை எவராலும் இயலவில்லை. இத்தகைய டானிக்குக்குப் பணம் செலவிடுவது வீண்.

குறைந்த டோப்பமினை ஈடுசெய்ய லெவோடோப்பா என்ற மருந்து உண்டு. 1961 முதல் சோதிக்கப்பட்டு, 1967க்குப்பின் எங்கும் பரவியது. இது நோயைப் போக்குவதில்லை. ஆனால் எழமுடியாதவரை எழச்செய்து பல ஆண்டுகள் நடமாட வைக்கிறது. வேலியில் படரும் பூனைக்காலி விதையில் இப்பொருள் இருப்பதை 1937ஆம் ஆண்டில் சென்னைச் சர்வகலாசாலையின் ரஸாயனக்கூடத்தில் தாமோதரன், ராமசுவாமி என்னும் இருவர் பிரித்தெடுத்துக் காட்டினர். நடுக்குவாதத்திற்கு இது மருந்தாகும் என்பது உலகுக்குத் தெரியுமுன்பே நடந்த வேலை அது. அவ்விதையை அரைத்து வீட்டில் தாமாகவே உண்பது தகாது. விதைக்கு விதை அளவு மாறும், மிகுந்தால் வாந்தியும் மனமயக்கமும் உண்டாகும்.

கை நடுக்கம், நடைத்தளர்ச்சி, எழுத்துச் சிறுத்தல் இவற்றில் ஒன்று கண்டாலும் ஜில்லா ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியரிடம் காட்டவேண்டும். கெட்டுப்போன மைட்டோகாண்ட்ரிய இழையை இரத்தத்தைச் சோதித்தே கண்டறியும் முறையொன்றை அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையார் 2023இல் வெளியிட்டனர். அது ஆராய்ச்சி நிலையில் தோன்றிய முறை, ஊர் ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறக்கூடியதன்று. வைத்தியர் கேட்பது பழைய செய்திகளையே: எந்த மருந்தை, எத்தனை வருஷம், கையுறையோடா இல்லாமலா தெளித்தது என்பதை. இருபது வருஷத்துக்கு முன் தெளித்த மருந்தின் பெயரை நினைவில் வைத்திருப்பவர் மிகச்சிலர். சாகுபடிச் செலவுக் கணக்கு எழுதும் நோட்டிலேயே, மருந்தின் பெயர், தேதி, தெளித்த ஆளின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு வரியில் எழுதிவைக்கலாம்.